பேரவை இன்னும் உறுதி செய்யவில்லை

தேசிய மாணவர் பனி விளையாட்டு மேம்பாட்டுப் பேரவையின் தலைவர் செரென்பில் ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவர். பனிச்சறுக்குக் கட்டைமேல் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஏறினால் கட்டைக்குத்தான் ஆபத்து என்று உலான்பாத்தர் மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் பனியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குக் காது மரத்துப்போகும். அந்த ஒரு தகுதிக்காகவே தலைவர் பதவி அவரிடம் வந்தது, வந்த பதவி திரும்பிப் போகவும் இல்லை.

அந்த வருஷம் உலக மாணவர் குளிர்கால விளையாட்டு ஜப்பானில், ஹொக்கைடோ தீவில் நடந்தது. மங்கோலியாவிலிருந்து தகுதி பெற்றவர்கள் இரண்டே பெண்கள். ஒருத்தி ஹூலான், இன்னொருத்தி பொலோர்மா. இருவரும் கால்நடை மருத்துவம் படித்தார்கள். விடுதியில் ஒரே அறை, ஒரே அடுப்பு, சண்டை வந்தால் மட்டும் இரண்டு போர்வை. அவர்கள் பெயர் கொடுத்திருந்தது இருவர் தொடர் ஓட்டத்துக்கு. ஒருத்தி சறுக்கிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்து மற்றவளின் முதுகைத் தொட வேண்டும். தொட்டதும் அவள் கிளம்புவாள். முதலாமவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். இப்படி மாறி மாறி. இதைத் தவிர ஹூலானுக்குத் தனி ஓட்டம் ஒன்றும் இருந்தது.

பன்னிரண்டு பேர் போகலாம் என்று அரசு அனுமதி தந்தது. பேரவை கூடியது. கொடிக்கு ஒரு அதிகாரி, பரிசுப் பொருளுக்கு ஒருவர், தங்கம் கிடைத்துவிட்டால் ஒலிபரப்பத் தேசிய கீதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோக ஒருவர், கிடைக்காவிட்டால் பத்திரிகைக்கு விளக்கம் சொல்ல ஒருவர் என்று இடங்கள் நிரம்பின. பதினொன்று நிரம்பிய பிறகுதான் யாரோ ஓடுகிறவர்களைப் பற்றிக் கேட்டார்கள்.

பெண்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் தட்டு நிறைய ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை ஆவி பறந்துகொண்டிருந்தது. செரென்பில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே பேசினார்.

"பாருங்கம்மா, இந்த இருவர் ஓட்டத்தைப் பேரவை ஆழமா ஆராய்ஞ்சிருக்கு. ஒருத்தி ஓடுறப்ப இன்னொருத்தி என்ன செய்யறா?"

"நிப்பா, தலைவரே," என்றாள் ஹூலான்.

"சும்மாதானே நிப்பா? சும்மா நிக்கறதுக்கு ஒரு ஆளைக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போகணுமா? நாட்டுக்கு அது தாங்குமா?"

பொலோர்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப நீங்க பதினொரு பேரும் அங்க போய் ஓடப் போறீங்களா?"

"கேள்வி கேக்கறதுக்குப் பேரவையில தனிப் பிரிவு இருக்கும்மா. அங்க போய்க் கேளு." செரென்பில் கோபப்படவே இல்லை. "ஹூலான் போவா. அவளே ஓடுவா. ஓடி வந்து, அவளே நிப்பா."

வெளியே படிக்கட்டில் ஹூலான் நகராமல் நின்றாள். "நானும் போகல," என்றாள்.

"அடி வாங்குவே," என்றாள் பொலோர்மா. "ஒரு ஆளாவது அந்தப் பனியைப் பாத்துட்டு வா. நான் உங்க வீட்டுக்குப் போறேன். உங்கம்மா வீட்டைப் பாக்கறாங்க, உங்கப்பா தனியா ஆட்டுக்கும் குதிரைக்கும் அல்லாடிட்டிருக்காரு. நான் போனா அவருக்குக் கை உதவி ஆகும்."

அது கொடிய குளிர்காலம். ஜுத் என்பார்கள். பனி விழுந்து, உருகி, மறுபடி உறைந்து, புல்லின்மேல் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். குளம்பால் உடைக்க முடியாமல் மந்தைகள் நின்ற இடத்திலேயே சாகும். அர்ஹாங்காய் மலைச்சரிவில் ஹூலானின் அப்பா கடப்பாரையால் பனியை உடைத்து உடைத்து ஆடுகளுக்குப் புல் காட்டிக்கொண்டிருந்தார். மகள் ஜப்பான் போவதைத் தொலைபேசியில் கேட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பனியைப் பாக்க அவ்வளவு தூரமா? சரி, போ. எப்படி ஓடினேன்னு வந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லணும்."

விமான நிலையத்தில் வழியனுப்பு விழா நடந்தது. பயணம் நலமாக அமையப் பாலைத் தெளித்தார்கள். மரியாதையாக ஆளுக்கொரு நீலப் பட்டுத்துணி கிடைத்தது. செரென்பில் பேசினார். "வெற்றி தோல்வி முக்கியமில்லை. பங்கேற்பதே முக்கியம். எனவேதான் நாங்கள் எல்லோரும் பங்கேற்கிறோம்." கைதட்டல் முடிந்ததும் சுமை எடை பார்த்தார்கள். போட்டிக் குழுவுக்குப் பரிசாகக் கொண்டுபோன வெள்ளிப்பூண் சேணம் எதிர்பார்த்ததைவிடக் கனத்தது. எதையாவது இறக்க வேண்டும். ஹூலானின் சறுக்குக் கட்டைகளை இறக்கினார்கள்.

"பனி நாடுதானே, அங்கயே கட்டை கிடைக்கும்," என்றார் பரிசு அதிகாரி. "சேணம் கிடைக்குமா?"

பொலோர்மா அந்தக் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையசைக்க முடியாததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஹொக்கைடோவில் இறங்கியதும் தம்தின் என்ற அதிகாரி ஹூலானின் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அவர் ஒருமுகப்பாட்டு அதிகாரி. வீராங்கனையின் கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சாதுவான மனிதர். அந்தக் கைப்பேசியைத் தன் கழுத்தில் ஒரு பையில் போட்டு, உறங்கும்போதும் கழற்றாமல் காத்தார்.

"வீட்டிலிருந்து ஏதாவது வந்தா?" என்று கேட்டாள் ஹூலான்.

"நான் எடுத்துப் பேசி, தேவையானதை மட்டும் உனக்குச் சொல்வேன்மா. அதுக்குத்தானே நான்."

தொடக்க விழா அணிவகுப்பில் அதிகாரிகள் பதினொரு பேரும் முன்னால் நடந்தார்கள். அவர்களுடைய கோட்டுகள் அகலமானவை. பின்னால் வந்த ஹூலானுக்கு முதுகுகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. அரங்கத்துக்கும் அவள் தெரியவில்லை. இந்த நாட்டில் வயதானவர்களுக்குத்தான் கல்வி போலிருக்கிறது என்று பக்கத்து அணிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். இதை அவளிடம் சொன்னது மிசுஹோ. அணிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த ஜப்பானிய மாணவி அவள். மங்கோலிய மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றவள், அதனால் பேசும்போதும் புத்தகம் போலவே பேசுவாள். பல்கலைக்கழக அணியிடம் கெஞ்சி ஹூலானுக்கு ஒரு ஜோடிக் கட்டைகளை இரவல் வாங்கித் தந்ததும் அவள்தான்.

"இவை சற்று நீளமானவை. தங்களை ஏமாற்றா என நம்புகிறேன்," என்றாள்.

இருவர் ஓட்டத்தன்று ஹூலான் தொடக்கக் கோட்டில் தனியாக நின்றாள். நடுவர் வந்து இரண்டு விரலைக் காட்டிக் கேட்டார். ஹூலான் ஒரு விரலைக் காட்டினாள். நடுவர் இன்னொரு நடுவரைக் கூட்டிவந்தார். செரென்பில் வேலியோரம் நின்று தைரியம் சொன்னார்.

"நீ கிளம்பு. ஒரு சுற்று போயிட்டு வந்து உன் முதுகை நீயே தொட்டுக்க."

"கை எட்டாது, தலைவரே."

"பயிற்சி பத்தாது, அதான்."

நடுவர்கள் அவளைத் தோளைப் பிடித்து, மரியாதையாகத்தான், வெளியே கொண்டுபோய் விட்டார்கள். பேரவை கண்டனம் தெரிவித்தது. சும்மா நிற்கும் ஒருவரைக் கட்டாயமாக்குவது வளரும் நாடுகளுக்கு எதிரான சதி என்று அதில் இருந்தது. மற்றப் பெண்கள் ஒருத்தி முதுகை ஒருத்தி தட்டிவிட்டுப் பறந்துபோவதை ஹூலான் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தாள். அவள் முதுகில் எந்த இடத்தில் பொலோர்மாவின் கை விழுமோ அந்த இடம் மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த நாள் காலை உணவின்போது ஏதோ மாறியிருந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். கொடி அதிகாரி தன் தட்டிலிருந்த கறித்துண்டை அவள் தட்டில் வைத்தார். செரென்பில் அவள் தலையில் கை வைத்து, "சாப்பிடும்மா, நல்லா சாப்பிடு," என்றார். தம்தின் மட்டும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்துப் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று வேலியோரம் நின்ற நிலையைப் பார்த்து மனம் இளகிவிட்டார்கள் என்று ஹூலான் நினைத்தாள். பாவம், நல்லவர்கள்தான், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கமும் கறித்துண்டும் சேர்ந்து உடம்பில் ஒரு சூட்டைக் கிளப்பின. அந்தச் சூட்டோடு தனி ஓட்டத்துக்குப் போனாள்.

அன்றைக்கு அவள் ஓடினது போல் அதற்கு முன்னால் ஓடினதில்லை. இரவல் கட்டைகள் முதல் ஏற்றத்தில் முரண்டு பிடித்தன, பிறகு சொன்னபடி கேட்டன. பிர்ச் மரங்களுக்கு நடுவே பனித்தூள் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது ஏற்றத்தில் ஒரு கொரியப் பெண்ணைத் தாண்டினாள். இறக்கத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இறங்கியபோது கண்ணில் நீர் வழிந்து காதுக்கு ஓடியது. கடைசி வளைவில் இன்னும் இருவர். பதக்கம் பக்கத்தில்கூட இல்லை, நடுவரிசைதான். ஆனால் அவள் நாட்டிலிருந்து இதுவரை ஒரு மாணவியும் அந்த வரிசைக்கு வந்ததில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டிப் பனியில் விழுந்து கிடந்தபோது, மூச்சு வராத நிலையிலும் மனசுக்குள் அப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். முதல் ஏற்றத்திலிருந்து, ஒன்று விடாமல்.

நிமிர்ந்து பார்த்தாள். பேரவையில் ஒருவரும் இல்லை. மிசுஹோ மட்டும் போர்வையோடு ஓடிவந்தாள். போர்த்திவிட்டு, இரண்டடி பின்னால் போய், இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"தங்கள் தந்தையார் காலமாகிவிட்டார். இருந்தும் தாங்கள் ஓடினீர்கள்."

ஹூலானுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு அழகாகப் பேசினாலும் இந்தப் பெண் சில இடங்களில் வழுக்கிவிடுவாள். "அப்படிச் சொல்லக்கூடாது மிசுஹோ. 'அப்பாவைப் பாத்து ரொம்பக் காலமாச்சு'ன்னு சொல்லணும். நீ சொன்னது வேற அர்த்தம்."

மிசுஹோ நிமிர்ந்தாள். யோசித்தாள். தன் பாடங்களையெல்லாம் ஒருமுறை மனசுக்குள் புரட்டிப் பார்ப்பது போல் அவள் உதடுகள் அசைந்தன. பிறகு அவள் முகம் வெளுத்தது.

"இல்லை," என்றாள் மெல்ல. "நான் சரியாகத்தான் கூறினேன். நேற்று உங்கள் தலைவர் வெள்ளை மலர்கள் வாங்கி வரச் சொன்னார். நான்தான் வாங்கினேன். தங்களிடம் கூறவில்லையா?"

விடுதியின் கூட்ட அறையில் பதினொரு பேரும் இருந்தார்கள். சறுக்குக் காலணியைக்கூடக் கழற்றாமல் ஹூலான் உள்ளே போனாள். தரைவிரிப்பில் பனி உதிர்ந்தது.

"எங்கப்பா செத்துட்டாரா?"

செரென்பில் மற்றவர்களைப் பார்த்தார். "யார் சொன்னது? அந்தத் தகவல் இன்னும் வெளியிடப்படலையே."

"உண்மையா, இல்லையா?"

"பேரவை அதை இன்னும் உறுதி செய்யலம்மா." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உன்னை நாங்க மறந்துட்டோம்னு நினைக்காதே. நேத்து சாயங்காலத்திலிருந்து உன்னைப் பத்திதான் கூட்டம். சாப்பாடுகூட இங்கயே வரவழைச்சோம். ஓட்டத்துக்கு முன்னாடி சொன்னா உன் ஒருமுகம் கெடும். ஓட்டம் முடிஞ்ச உடனே சொன்னா நிறைவு விழாவுல கொடி பிடிக்க ஆள் இல்லை, வெளியில குளிர் அப்படி. அதனால நிறைவு விருந்துல, பரிசு பரிமாற்றத்துக்கு அப்புறம், இனிப்புக்கு முன்னாடி, நானே ஒரு உரையா சொல்றதா இருந்தது. உரை நல்லா வந்திருக்கு. இப்ப நீயா வந்து கேட்டதால எல்லாம் கலைஞ்சுபோச்சு."

ஹூலான் தம்தினிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் கழுத்துப் பையைக் கழற்றிக் கொடுத்தார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் நின்று பொலோர்மாவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுடி," என்றாள் பொலோர்மா.

"எப்படி?"

"குதிரைங்க சூறைக்காத்துல சிதறிப்போச்சு. மடக்கப் போனாரு. நானும் வரேன்னேன், நீ ஆட்டைப் பாருன்னுட்டாரு. அவரு ஏறிப்போன குதிரை மட்டும் வந்தது. நாங்க போய்ப் பாத்தப்ப உக்காந்த மாதிரி இருந்தாரு. லாமா இன்னைக்குத்தான் நல்ல நாள்னாரு. காலையில அடக்கம் பண்ணிட்டோம்."

"என்னை ஏண்டி கூப்பிடல?"

"கூப்பிட்டேனே. நேத்தே கூப்பிட்டேன். ஒரு ஆள் எடுத்தான். ஹூலான்கிட்ட சொல்லிட்டோம், அவ நாட்டுக்காக ஓடிட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டான்னு சொன்னான். உங்கம்மா அதைக் கேட்டுட்டு, போய் அடுப்புக்குச் சாணி வறட்டி வச்சாங்க."

ஹூலான் தரையில் உட்கார்ந்தாள். அப்பா போனதற்கு வராத அழுகை இதற்கு வந்தது.

அன்றைக்கே கிளம்புகிறேன் என்றாள். பயணச்சீட்டு குழுவுக்கானது, குழுவிலிருந்து ஒருத்தியைப் பிரித்தால் மிச்சம் இருப்பது குழுவே அல்ல என்று ஆகிவிடும் என்றார்கள். அது உண்மைதான். மிசுஹோ ஏதேதோ விமான நிறுவனங்களுக்கெல்லாம் பேசிப் பார்த்தாள். பனிப்புயலில் விமானங்கள் நின்றிருந்தன. நிறைவு விழாவில் ஹூலானின் கையில் கொடியைக் கொடுத்தார்கள். அவள் பிடித்தாள். விட்டால் விழுந்துவிடுமே என்பதற்காகப் பிடித்தாள். கன்னத்தில் நீர் உறைந்து நின்றது. அந்தப் படம் ஊர்ப் பத்திரிகையில் வந்தது. கீழே, "தாயகத்தை எண்ணிப் பெருகிய கண்ணீர்" என்று செரென்பில் விளக்கம் தந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் பொலோர்மாதான் ஒரு பழைய ரஷ்ய வண்டியை இரவல் வாங்கிவந்து அவளை அழைத்துப்போனாள். சாலையோரத்தில் செத்த மாடுகள் பனி மூடிக் கிடந்தன. அவர்கள் வசிக்கும் கூடாரத்து வாசலில் அம்மா தோல்கோர் நின்றாள். ஊர் வழக்கப்படி மகளின் கன்னத்தை முகர்ந்து பார்த்தாள், உள்ளே கூட்டிப்போய் உப்புத் தேநீர் ஊற்றினாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஹூலான் எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பேசி, கூட்டம், வெள்ளைப் பூ எல்லாம். அம்மா கேட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. இப்படியும் மனிதர்கள் இருப்பார்கள் என்று நம்புவது கூடாரத்தில் இருப்பவர்களுக்குக் கஷ்டம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பேரவை வந்தது. பதினொரு பேர், இரண்டு வண்டி, ஒரு படக்கருவிக்காரர். கூடாரத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். செரென்பில் நீலப் பட்டுத்துணியை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டிவிட்டு எழுந்து நின்றார். தலை கூரைக் கழியில் இடித்தது. அங்கே விருந்தில் படிக்காமல் போன உரையை இங்கே படித்தார்.

"பேரவை ஒரு தகப்பனை இழந்திருக்கிறது. இந்த இழப்பு எங்களுக்குப் பெரும் பாடம். இனி இப்படி நேரக்கூடாது என்பதற்காக, துயரச் செய்தி அதிகாரி என்ற புதிய பதவியை உருவாக்கியிருக்கிறோம். அடுத்த போட்டிக்கு அவரும் வருவார். அதனால் இடம் சற்று நெருக்கடியாகும். வீராங்கனை விஷயத்தைப் பிறகு பார்ப்போம்."

படக்கருவிக்காரர் கருவியை அணைத்தார். அம்மா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள், பாலாடைக்கட்டியும் வைத்தாள். பிறகு அடுப்பருகில் உட்கார்ந்து, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஐயா, நீங்கல்லாம் அங்க இருந்தவங்க. எம் பொண்ணு எப்படி ஓடினா?"

செரென்பில் கொடி அதிகாரியைப் பார்த்தார். கொடி அதிகாரி பரிசு அதிகாரியைப் பார்த்தார்.

"சிறப்பா," என்றார் செரென்பில்.

"அது சரி. எப்படின்னு கேட்டேன். அவங்கப்பா ஒண்ணு விடாம கேக்கணும்னு இருந்தாரு. ஏத்தம் இருந்துச்சா? பனி மிருதுவா, கெட்டியா? யாரையாவது முந்தினாளா?"

கடைசியில் தம்தின், தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நாங்க பாக்கலம்மா. அந்த நேரத்துல கூட்டம் நடந்துட்டிருந்தது."

"எத்தனை பேரு கூட்டத்துல?"

"எல்லாரும்."

அம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அதுவரை அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது. மகள் சொன்னதெல்லாம் நிஜம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நகர்ந்து, ஹூலானுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"நீயே சொல்லு," என்றாள்.

ஹூலான் சொல்ல ஆரம்பித்தாள். பொலோர்மா அவள் முதுகில் கை வைத்தாள். இரவல் கட்டைகள் நீளமாக இருந்ததைச் சொன்னாள். முதல் ஏற்றத்தில் அவை வழுக்கியதை, பிர்ச் மரங்களுக்கு நடுவே பனித்தூள் விழுந்ததை, பனி மேலே மிருதுவாகவும் கீழே கெட்டியாகவும் இருந்ததைச் சொன்னாள். அம்மா வடக்குப் பக்கம், அப்பா உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கொரியப் பெண்ணைத் தாண்டியபோது, "ம்," என்றாள். ஹூலான் இறக்கத்துக்கு வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியது. ஓட்டுநர் வாசல் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். செரென்பில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பாதை மோசம், கிளம்ப வேண்டும் என்று எழுந்தார். மற்றவர்களும் எழப் பார்த்தார்கள்.

"உக்காருங்க," என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "அவ இன்னும் வந்து சேரல."